உங்கள் என்சைம் செல்லுக்குள் எங்கே நிற்கிறது? கண்டுபிடிக்கும் வழி

கோலாலம்பூரில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் தம்பி தங்கைகள் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுகளில் (புரதத்தின் அளவைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) நான் அடிக்கடி பார்க்கும் குறை ஒன்றுதான்: செல்லை மொத்தமாக உடைத்து, கைனேஸ் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் என்சைம்) கூடியதா குறைந்ததா என்று மட்டும் அளந்திருப்பார்கள். அது எங்கே இருந்தது என்ற தகவல் உடைத்த நிமிடமே போய்விட்டது.

அந்தத் தகவல் ஏன் முக்கியம்? 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதயச் செல்களில் செய்த சோதனையைப் பாருங்கள். ஐசோபுரோடெரினால் கொடுத்தாலும் புராஸ்டாகிளாண்டின் ஈ1 கொடுத்தாலும் சைக்ளிக் ஏஎம்பி என்ற செல்லின் உள் தூதுவன் ஏறுகிறது, அதனால் பிகேஏ என்ற கைனேஸும் விழிக்கிறது, ஆனால் துடிப்பின் வலு கூடுவது முதலாவதற்கு மட்டும்தான். காரணம், அது சவ்வோடு ஒட்டிய பிகேஏவையும் எழுப்புகிறது. மற்றது கரைந்து மிதப்பதை மட்டுமே எழுப்புகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளுக்குக் கீழே தண்ணீர்ப் பந்தலில் நிற்பவரையே குகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், ஆள் அதே ஆள், செய்யும் வேலை வேறு. கைனேஸும் கைக்கு எட்டும் புரதத்துக்குத்தான் பாஸ்பேட் ஏற்றும். பிகேஏவை அந்தந்த இடத்தில் கட்டிவைக்கும் நங்கூரப் புரதங்களுக்கு ஏகேஏபி என்று பெயர்.

சரி, முதலில் கண்ணால் பாருங்கள். செல்களை 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, 0.1% டிரைட்டானால் துளையிட்டு, என்சைமைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அதைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியும் போட்டு, உட்கருவுக்கு டாப்பி சாயம் ஏற்றுங்கள். இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஒரு கண்ணாடித்தகடும், அந்த என்சைமையே குறைத்த செல்களும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பளிச்சென்று தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவீர்கள். என்சைமோடு ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டிய பிளாஸ்மிட் (செல்லுக்குள் செலுத்தும் டிஎன்ஏ வளையம்) போடுகிறவர்கள் மிகப் பிரகாசமான செல்லைத் தேடிப் படம் எடுக்காதீர்கள். நங்கூரங்கள் அளவாகத்தான் இருக்கின்றன. என்சைம் அளவுக்கு மீறினால் எல்லா இடத்திலும் வழிந்து கிடக்கும். மங்கலான செல்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அப்புறம் பகுதி பிரித்தல், அதாவது சைட்டோபிளாசத்தையும் உட்கருவையும் தனித்தனியாக எடுப்பது. நீர்த்த டிஜிடோனின் (சவ்வைத் துளையிடும் சோப்பு போன்ற பொருள்) வெளிச்சவ்வை மட்டும் திறக்கும், உட்கருவின் உறை தாங்கும். சைட்டோபிளாசத்துக்கு டியூபுலின், உட்கருவுக்கு லாமின் என்று இரண்டு அடையாளப் புரதங்களையும் எல்லாப் பகுதியிலும் ஓட்டிப் பாருங்கள். எல்லாமே ஐஸில் நடக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஏசி நின்றுபோன அறையில் நான் பிரித்தபோது, நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐஸ் உருகியதைக் கவனிக்காமல் விட்டேன். லாமின் சைட்டோபிளாசப் பகுதியில் வந்து நின்றது, இரண்டு வார வேலை போயிற்று.

நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். பிசி12 என்ற எலிச் செல்களில் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்தால் ஈஆர்கே என்ற கைனேஸ் சிறிது நேரம் விழித்து அடங்கும், செல் பெருகும். என்ஜிஎஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் நீண்ட நேரம் விழித்திருந்து உட்கருவில் சேரும், செல் நரம்பிழை விடும். 5 நிமிடத்தில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் 5, 15, 60 நிமிடம் என்றாவது எடுங்கள்.

இதுவரை செய்தது இடத்தைக் காட்டுமே தவிர, அந்த இடத்தால்தான் வேலை மாறுகிறது என்று நிரூபிக்காது. நிரூபிக்க, என்சைமை நீங்களே நகர்த்த வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். உட்கருவுக்கு அனுப்ப எஸ்வி40 வைரஸின் ஏழு அமினோ அமிலச் சமிக்ஞையை ஒட்டலாம். பிகேஏ என்றால் எச்டி31 பெப்டைட் (சிறு புரதத் துண்டு) எனக்கு மிகவும் பிடித்தது: என்சைமின் திறனைத் தொடாமல் நங்கூரத்தை மட்டும் அவிழ்க்கும், புரோலின் புகுத்தியதால் நங்கூரத்தை அவிழ்க்காத எச்டி31பி அதற்கு நேர்மையான ஒப்பீடு. சில நிமிடங்களில் நகர வேண்டுமானால் எஃப்கேபிபி, எஃப்ஆர்பி என்ற இரண்டு புரதத் துண்டுகளில் ஒன்றை என்சைமிலும் மற்றதைச் சேர வேண்டிய இடத்தில் நங்கூரமாகவும் ஒட்டி, ராபமைசின் மருந்தால் சேர்க்கும் முறை இருக்கிறது, ஆனால் ராபமைசின் எம்டிஓஆர் என்ற செல்லின் சொந்தக் கைனேஸையும் தடுப்பதால், நங்கூரம் இல்லாத செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். எந்த வழியானாலும் செயலிழந்த கைனேஸ் ஒன்றையும் அதே இடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக எண்ணிக்கை. ஒரு அழகான படம் போதாது, ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 100 செல்கள் எண்ணுங்கள். கோப்பின் பெயர்களை மறைத்து, எது எந்த மருந்து என்று தெரியாத லேப் நண்பரிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.