பிராய்லர் கோழியை நீண்ட நாள் வளர்ப்பது எப்படி: கூட்டுக்கு முன்னால் தராசு வாங்குங்கள்

கறிக்கோழியைச் செல்லமாக வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கூட்டைப் பற்றித்தான். அதைச் செய்துவிடலாம். கறிக்கோழியின் ஆயுளைத் தீர்மானிப்பது தினமும் அதற்கு எத்தனை கிராம் தீவனம் வைக்கிறீர்கள் என்பதே. 5 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இறங்குமுன் சட்டம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. பால்கனி பெரிது, அண்டை வீட்டார் நல்லவர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. தரை வீட்டில் விற்பனை நோக்கம் இல்லாமல் 10 கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காட்டுப் பறவைகள் உள்ளே நுழைய முடியாத, கூரை போட்ட கூடு வேண்டும். பறவைக் காய்ச்சலைத் தடுக்கத்தான் இந்த விதி. மைனா, புறா, காக்கை இவற்றோடு, பேட்டைகளில் திரியும் காட்டுக்கோழிகளும் உங்கள் கோழியின் தீவனத்தில் வாய் வைக்கக் கூடாது. கொண்டோமினியத்தில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் மாறுவதுண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஜொகூரில் குஞ்சு மலிவு என்று காரில் வைத்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அனுமதி இல்லாமல் உயிருள்ள கோழியை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம்.

எதை வளர்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காப் 500, ராஸ் 308 போன்ற வணிக வகைகள் ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. 1957ஆம் ஆண்டின் இனவழியையும் 2005ஆம் ஆண்டின் இனவழியையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 56ஆவது நாளில் பழையது சுமார் 900 கிராம், புதியது சுமார் 4.2 கிலோ. தசை இந்த வேகத்தில் ஏறும்போது இதயமும் நுரையீரலும் கால் எலும்பும் பின்தங்கிவிடுகின்றன. இந்தக் கோழிக்கு வரும் பெரிய சிக்கல்களில் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இதில் இன்னொரு முடிச்சு, வயிறு நிரம்பிவிட்டது என்ற உணர்வு இந்த இனத்துக்கு மிகக் குறைவு. நாட்டுக்கோழி போதும் என்றால் தீவனத்தைவிட்டு நகர்ந்து மண்ணைக் கிளறப் போகும். கறிக்கோழி தொட்டி காலியாகும்வரை நிற்கும், பிறகும் உங்கள் காலையே சுற்றும். அது கேட்கிறதே என்று கொடுத்தால் சில மாதங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும். கறிக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு தரும் தாய்க்கோழிகளையே அளந்து தீவனம் போட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள். நாம் செய்யப்போவதும் அதே முறைதான்.

கூடு

ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் அரை முதல் ஒரு சதுர மீட்டர், வெளியே வலையடித்த உலாவிடம் இரண்டு மூன்று சதுர மீட்டர். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையை வாங்காதீர்கள். எலி கடித்துவிடும், பாம்புக்குட்டி நுழைந்துவிடும். 12 மில்லிமீட்டர் கண் கொண்ட பற்றவைத்த கம்பிவலைதான் சரி. இங்கே மலைப்பாம்பும் உடும்பும் வடிகால் வழியாகக் குடியிருப்புக்குள் வருவது சாதாரணம். சுவரோரம் வலையை வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். தோண்டி வரும் எலி அங்கேயே நின்றுவிடும்.

உயரமான பரண் கூடாது. இந்த எடையோடு குதித்தால் கால் போய்விடும். தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அகலப் பலகையைத் தட்டையாகப் போட்டால் போதும். உருண்டைக் கம்பு வேண்டாம், எடை முழுவதும் பாதத்தின் ஒரே இடத்தில் விழும். வழுக்கும் டைல்ஸ் தரையும் ஆகாது. குஞ்சுப் பருவத்தில் கால் விரிந்து போனால் பிறகு சரிசெய்வது கடினம்.

படுக்கைக்கு மரச்சீவலை 8 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது ஈரம் பிடித்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மூக்கில் நெடி ஏறுகிற அளவுக்கு விட்டால் பாதமும் முழங்காலும் வெந்து புண்ணாகிவிடும்.

தண்ணீருக்கு என் தேர்வு, மூடிபோட்ட வாளியில் பக்கவாட்டில் பொருத்தும், கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள்தான். திறந்த தட்டில் எச்சம் விழும், அதைவிட முக்கியமாகக் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி வந்து பார்த்துப் புழு இருந்தால் அபராதம் உங்களுக்குத்தான். தட்டுதான் வைப்பேன் என்றால் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் அளந்து கொடுக்காதீர்கள்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். நம் ஊரில் இரண்டு மூன்று வாரத்தோடு விளக்கு தேவையில்லாமல் போகும். விளக்கை எடுத்தபின் இரவு முழு இருட்டாக இருக்கட்டும். வெளிச்சம் இருந்தால் தின்றுகொண்டே இருக்கும்.

தீவனம்: எல்லாரும் சறுக்கும் இடம்

முதல் இரண்டு வாரம் 20 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம் உள்ள குஞ்சுத் தீவனத்தைத் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாவது வாரம் தராசு வேலையைத் தொடங்குகிறது. புரதத்தை 14 முதல் 16 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். மூட்டையின் பின்புறம் கால்சியத்தையும் பாருங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் இருக்கும். முட்டையிடாத பெட்டைக்கும் சேவலுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுமார் 1 விழுக்காடு உள்ள வளர்கோழித் தீவனத்தை எடுங்கள்.

பெட்டைக்குத் தோராயக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்.

4ஆவது வாரம்: எடை 450 கிராம், நாளுக்கு 40–45 கிராம் தீவனம்
10ஆவது வாரம்: 1.1 கிலோ, 55–60 கிராம்
15ஆவது வாரம்: 1.6 கிலோ, 70–80 கிராம்
20ஆவது வாரம்: 2.2 கிலோ, 100–110 கிராம்

சேவலுக்கு எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கலாம். முழு வளர்ச்சிக்குப் பின் பெட்டை 3 முதல் 3.5 கிலோ, சேவல் 4 முதல் 4.5 கிலோ என்ற எல்லைக்குள் நிறுத்தப் பாருங்கள்.

இந்த எண்களைப் பார்த்ததும் பட்டினி போடுகிறோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். கோழியின் சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள். எலும்பு விரலில் தெரிய வேண்டும், இருபுறமும் சதை சற்றே வட்டமாக இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோல் குத்தினால் தீவனம் போதவில்லை. தேடித்தான் எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அதிகம்.

எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன், தீனிப்பை காலியாக இருக்கும்போது. அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுக் கோழியை உள்ளே விடுங்கள். எடை வேகமாக ஏறினால் தீவன அளவைக் குறைக்க வேண்டாம், ஏற்றுவதை நிறுத்துங்கள். அடுத்த வாரம் தானாக மட்டுப்படும்.

ஏற்கெனவே ஆறு வாரமாகி இரண்டரை கிலோவில் வந்து சேர்ந்த கோழி என்றால் கதை வேறு. அது நாளுக்கு 200 கிராம்வரை தின்று பழகியிருக்கும். திடீரென்று பாதியாக்கினால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே வந்து, எடை ஏறும் வேகம் மட்டுப்படும் இடத்தில் நில்லுங்கள். பெட்டைக்கு அது பெரும்பாலும் 100–120 கிராமில் வரும். எடையைக் கீழே இறக்கப் பார்க்க வேண்டாம்.

அளவைக் குறைத்தாலும் தின்னும் நேரத்தை நீட்டலாம். மாத்திரை வடிவில் வரும் தீவனத்தை (பெல்லட்) மரச்சீவலில் தூவுங்கள், கிளறித் தேடட்டும். கங்கோங், சாய் சிம் கீரைக் கட்டுகளைத் தலைக்கு மேல் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிடுங்கள். தவிடு சிறிது கலக்கலாம். நொய்யரிசி மட்டும் வேண்டவே வேண்டாம். ஊரில் கோழிக்கு நொய் போட்டு வளர்த்த கைகளுக்கு இது கசக்கும். ஆனால் நாள் முழுக்க ஓடித் திரிந்த கோழிக்குத்தான் அது சரி, இதற்கு அது வெறும் கொழுப்பு. வெண்ணெய்ப்பழம், வேகாத காய்ந்த பீன்ஸ், உப்பிட்ட மிச்சச் சாப்பாடு இவையும் விலக்கு.

புழுக்கம்

கோழிக்கு வியர்க்காது. உடல் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும், வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகும். மதியம் 32, 33 டிகிரியோடு புழுக்கமும் சேரும் நம் ஊர் கனத்த கோழிக்கு ஒத்துவராத இடம். தீவனம் செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும். அதனால் பெரும்பங்கைக் காலை 7 மணி வாக்கில் வைத்துவிடுங்கள், மிச்சம் மாலை 5 மணிக்குப் பிறகு. நடுப்பகலில் தொட்டி காலியாகவே இருக்கட்டும்.

கூட்டுக்குள் காற்று குறுக்கே ஓட வேண்டும். தரைமட்டத்தில் ஒரு மின்விசிறி. உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளிப்பதைவிடக் கால் நனையும் அளவு ஆழமில்லாத தட்டு மதிய நேரத்தில் நன்றாக வேலை செய்யும், மாலையில் கொட்டிவிடுங்கள். பனித்துகள் தெளிக்கும் குழாய் வறண்ட நாடுகளுக்கான கருவி. இங்கே அது காற்றின் ஈரத்தையும் படுக்கையின் ஈரத்தையும்தான் கூட்டும்.

கால், நெஞ்சு, வயிறு

தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். தீவனத்தை ஒரு மூலையிலும் தண்ணீரை மறுமூலையிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுக்கும்போதே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுத்த பொருக்கு இருந்தால் பாதப்புண் ஆரம்பம். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்புக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, போவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். வீங்கியிருந்தால் வீட்டில் கீறாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும்.

அதிகம் கவனிக்க வேண்டியது வயிற்றில் நீர் கோப்பது. உடலுக்கு வேண்டிய பிராணவாயுவை இதயமும் நுரையீரலும் கொடுக்க முடியாமல் போகும்போது நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, ஈரலிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். கால்களுக்கு இடையில் கைவைத்தால் தண்ணீர்ப்பை மாதிரி தளதளக்கும். கொண்டை நீலமோ ஊதாவோ அடிக்கும். வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சிரைக்கும். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே குறைவு, நாய் பூனை பார்ப்பவர்கள் பலர் கோழியை எடுப்பதில்லை. கோழி வாங்குவதற்கு முன்பே போன் செய்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வையுங்கள்.

அளந்து போட்டு வளர்த்தாலும் சில கோழிகள், பெரும்பாலும் நன்றாக வளர்ந்த சேவல்கள், எந்த அறிகுறியும் இல்லாமல் சட்டென்று மல்லாந்து விழுந்து இறப்பதுண்டு. இந்த இனத்தில் அது தெரிந்த விஷயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சளி, தலைவீக்கம், ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட இறப்பு என்றால் காத்திருக்காமல் விலங்குநல மருத்துவச் சேவைக்குச் சொல்லுங்கள். இறந்த கோழியைத் திறந்து பார்க்காதீர்கள்.

முட்டை

பெட்டை 24, 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அப்போது தீவனத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். இரட்டைக்கரு முட்டை அடிக்கடி வந்தால் மகிழாதீர்கள். கொழுத்த பெட்டைக்கு ஒரே நேரத்தில் பல கருக்கள் முதிர்வதன் அடையாளம் அது, முட்டை உள்ளே சிக்கும் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வரும். எடைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பிறகு சேர்த்தவை

"அளந்துதான் போடுகிறேன், ஆனாலும் ஒன்று கொழுக்கிறது, ஒன்று இளைக்கிறது" என்பது பலருக்கும் வரும் கேள்வி. நான்கு கோழிக்குச் சேர்த்து 400 கிராம் போட்டால் ஆளுக்கு 100 கிராம் போவதில்லை. பெரியது முட்டி மோதி 150 தின்றுவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் தலை வைக்கும்படி ஒரு கோழிக்கு 15 சென்டிமீட்டர் கணக்கில் நீளத் தொட்டி வையுங்கள். அப்படியும் வித்தியாசம் தொடர்ந்தால் தின்னும் பத்து நிமிடத்துக்கு மட்டும் நடுவில் வலைத் தடுப்பு போட்டுப் பிரித்துவிடுங்கள்.

நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்க்கலாமா என்றால், உலாவிடத்தில் சேர்ந்திருக்கலாம், தீவன நேரத்தில் கூடாது. நாட்டுக்கோழி விட்டுப்போகும் மிச்சத்தைக் கறிக்கோழி துடைத்துவிடும். நாட்டுக்கோழிக்குப் பரண்மேல் தீவனம் வைத்தால் தீர்ந்தது, கறிக்கோழியால் அங்கே ஏற முடியாது.

சேவல் கூவும் தொல்லை பற்றி: குஞ்சு வாங்கும்போது ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் தெரியாது. மூன்று மாதத்துக்குள் கூவத் தொடங்கலாம். இரவில் இருட்டாக, காற்றோட்டத்தோடு மூடி வைத்தால் விடியலுக்கு முந்திய கூவல் குறையும், முழுதாக நிற்காது. அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடாக இருந்தால் சேவலை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் குஞ்சு வாங்குமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.