பழைய பிக்கப் வண்டியின் டிரைவ் ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் அடிக்கும் முறை

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழல் விசையைக் கொண்டு செல்லும் நீண்ட இரும்புக் குழாய்தான் டிரைவ் ஷாஃப்ட். பின் அச்சு ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், வண்டி ஓடும்போது இந்தக் குழாயின் சாய்வும் நீளமும் மாறிக்கொண்டே இருக்கும். சாய்வு மாற்றத்தை முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகளும், நீள மாற்றத்தைப் பல்வரிசை வெட்டப்பட்ட ஸ்லிப் ஜாயின்ட்டும் ஏற்றுக்கொள்கின்றன. கிரீஸ் தேவைப்படுவது இந்த இடங்களுக்குத்தான்.

ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுவிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ் இருக்கும். அதன் நான்கு முனைகளிலும் நான்கு கப்புகள், ஒவ்வொரு கப்பின் உள்ளேயும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுற்றினாலும், இந்த உருளைகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில டிகிரி அளவுக்கு முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவே. அதனால் ஒரே இடம் திரும்பத் திரும்ப உரசி, அங்கிருக்கும் கிரீஸ் ஒதுங்கிவிடுகிறது. வெளியிலிருந்து புதிய கிரீஸை அழுத்தி ஏற்ற வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

முதலில் உங்கள் வண்டியில் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு வாய், இருக்கிறதா என்று பாருங்கள். கிராஸின் நடுப்பகுதியிலோ ஒரு கப்பின் முகத்திலோ சிறிய முலை போல அது நீட்டிக்கொண்டிருக்கும். நிப்பிள் இல்லையென்றால் அது சீல் செய்யப்பட்ட ஜாயின்ட். தேய்ந்தால் மாற்றலாமே தவிர கிரீஸ் ஏற்ற முடியாது. இரண்டு துண்டு ஷாஃப்ட்டுகளில் நடுவே தொங்கும் சென்டர் பேரிங்கும் பெரும்பாலும் சீல் செய்யப்பட்டதே.

தேவையானவை: கையால் இயக்கும் கிரீஸ் கன், பழந்துணி, கம்பி பிரஷ், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கிரீஸைப் பொறுத்தவரை, கையேடு வேறு எதையும் சொல்லாதவரை, என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) உயர் அழுத்தம் தாங்கும் லித்தியம் வகை கிரீஸ் போதுமானது. முன்பு எந்த வகை போட்டிருந்ததோ அதையே தொடர்வது நல்லது. லித்தியம் கிரீஸோடு களிமண் அடிப்படையிலான கிரீஸைக் கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடக்கூடும். காற்றழுத்தத்தில் இயங்கும் கன்னைத் தொடக்கநிலையாளர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கை உணர வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். பெரும்பாலான பிக்கப்புகள் உயரமானவை என்பதால் தூக்காமலேயே அடியில் நுழைந்துவிடலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லாமல் கியர்பாக்ஸின் பின்புறத்தில் ஷாஃப்ட்டையே பிடிக்கும். அவற்றில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலே பிடிமானம் போய் வண்டி உருளக்கூடும்.

கிரீஸ் ஏற்றுவதற்கு முன் தளர்வைச் சோதித்துவிடுங்கள், ஏனெனில் புதிய கிரீஸ் சிறிய ஆட்டத்தை மறைத்துவிடும். ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் ஜாயின்ட்டுக்கு அப்பால் உள்ள யோக்கையும் (கிராஸைத் தாங்கும் கவட்டை) பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்கும் கப்புக்கும் இடையே ஆட்டம் தெரிந்தால் அந்தக் கிராஸை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து நிப்பிளைச் சுத்தமாகத் துடையுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் மண், கிரீஸுக்கு முன்பாகவே உள்ளே தள்ளப்பட்டு ஊசி உருளைகளுக்கிடையே போய்விடும். நிப்பிள் மேல்பக்கம் திரும்பியிருந்தால், அடியிலிருந்து வெளியே வந்து வண்டியை ஓரடி நகர்த்தினால் போதும். பின் அச்சின் பல்விகிதத்தால் அந்த ஓரடியிலேயே ஷாஃப்ட் ஏறக்குறைய அரைச் சுற்றுத் திரும்பிவிடும். நகர்த்திய பின் முட்டுக்கட்டைகளை மறுபடியும் வைக்க மறக்காதீர்கள்.

கன்னின் முனையை நிப்பிளின் மேல் நேராக அழுத்தி, அது கவ்வியதும் மெதுவாக அடியுங்கள். அப்போது உங்கள் பார்வை கன்னின் மேல் இருக்கக் கூடாது; நான்கு கப்புகளின் சீல் விளிம்புகள் மேல் இருக்க வேண்டும். பழைய கிரீஸ் கறுப்பாக ஒரு கப்பில் எட்டிப் பார்க்கும், பிறகு அடுத்ததில். நான்கிலிருந்தும் புதிய கிரீஸின் நிறம் மெல்லிய வளையமாக வெளிவந்ததும் நிறுத்திவிடலாம். மூன்றில் வந்து ஒன்றில் வராமல் இருப்பது அடிக்கடி நடக்கும். அந்தக் கப் இருக்கும் பக்கத்தை ஒரு லீவரால் சற்றே நெம்பி, இடைவெளி கிடைக்கும்படி பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை அடித்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்த ஒரு கப் வறண்டே ஓடுகிறது என்று பொருள். மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் அந்த ஜாயின்ட் பிழைத்துவிடாது. கிரீஸ் எங்குமே போகாமல் கன் இறுகினால், பெரும்பாலும் நிப்பிளின் உள்ளே இருக்கும் குண்டு சிக்கியிருக்கும். நிப்பிளை மாற்றுவது எளிது. முரட்டுத்தனமாக அடித்தால் சீல் கிழியும், அல்லது உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். அப்படித் துளைத்தால், காயம் ஊசி குத்தியது போலச் சிறியதாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெளிவரும் கிரீஸைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு இயல்பானது. செங்கல் நிறத்தில் பொடி கலந்து வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தொடர்ந்து கிரீஸ் ஏற்றித் தண்ணீரைத் தள்ளிவிட முடியும். துருவை அப்படித் தள்ள முடியாது, ஆகவே விரைவில் கிராஸ் மாற்றத் திட்டமிடுங்கள்.

ஸ்லிப் ஜாயின்ட்டில் நிப்பிள் இருந்தால் அளவு குறைவாகவே வேண்டும். அதன் முனைத் தட்டில் உள்ள சிறு துளையில் கிரீஸ் தென்படத் தொடங்கியதும் துளையை விரலால் மூடிக்கொண்டு, மறுபக்கச் சீலில் கிரீஸ் கசியும்வரை மட்டும் அடியுங்கள். அளவுக்கு மீறினால், அச்சு மேலேறும்போது ஷாஃப்ட் சுருங்க இடமின்றி முனைத் தட்டு தெறித்துவிடலாம். ஸ்லிப் யோக் கியர்பாக்ஸின் வாலுக்குள்ளேயே நுழையும் வகை என்றால், கியர்பாக்ஸ் எண்ணெயே அதற்குப் போதும்.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் முன் ஷாஃப்ட்டுக்கும் இதே வேலைதான். ஆனால் அதில் இரட்டை ஜாயின்ட் இருந்தால், நடுவே உள்ள குண்டுக்கான நிப்பிள் உள்ளே புதைந்திருக்கும்; அதற்குக் கன்னில் ஊசி முனை மாட்ட வேண்டும். கடைசியாக, வழிந்த கிரீஸை எல்லா இடத்திலும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அது ஓட்டத்தில் தெறித்து அடித்தளத்தில் கோடு போடும், அடுத்த முறை சீல் கிழிந்ததால் வந்த கோடு எது, மிச்சம் வழிந்த கோடு எது என்று பிரித்தறிய முடியாது. கையேட்டில் இடைவெளி குறிப்பிடப்படாவிட்டால் ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும் அடியுங்கள். வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.