மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால்: புகார் எழுதும் முறை

தேர்தல் நேரத்தில் எங்கள் பகுதியில் பலருக்கும் நான்தான் மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் "மதவெறியைத் தூண்டிப் பேசினார்" என்பார்கள். அது போதாது. பேசியவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் எது? அதை அப்படியே எழுதுங்கள்.

1995 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். 1987இல் மும்பை விலே பார்லே இடைத்தேர்தலில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே பேசியவை தேதிவாரியாகச் சாட்சியத்தில் இருந்தன. அவர் ஆதரித்த வேட்பாளர் ரமேஷ் பிரபுவின் வெற்றி செல்லாமல் போனது. சிவசேனா வேட்பாளர் மனோகர் ஜோஷி வழக்கிலோ, முதல் இந்து மாநிலம் மகாராஷ்டிரத்தில் அமையும் என்று அவர் பேசியது வெறும் எதிர்பார்ப்பு, ஓட்டுக் கேட்டதாகாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. ஆனாலும் மனு எழுதும்போது அதை நினைவில் வையுங்கள்: மதமும் ஓட்டும் சேர்ந்து வரும் வாக்கியமே உங்களுக்கு வேண்டும். வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தேர்தல் முறைகேடே என்று 2017இல் ஏழு நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை சொல்லிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவை மனுவில் குறிப்பிடுங்கள்.

பேசியவர் வேட்பாளரா, அவருடைய தேர்தல் ஏஜெண்டா, வேறு பேச்சாளரா? வேறொருவர் என்றால் வேட்பாளர் அல்லது அவருடைய தேர்தல் ஏஜெண்டின் சம்மதத்தை நிரூபிக்க வேண்டிவரும். வேட்பாளர் மேடையில் உட்கார்ந்திருந்தாரா, அந்தப் பேச்சுக்குப் பிறகு மைக்கைப் பிடித்து என்ன சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. சாமி கும்பிட வந்த வேட்பாளர் மீது புகார் எழுதாதீர்கள். அது அவர் உரிமை. பிராகாரத்தில் நின்று ஓட்டுக் கேட்டால் எழுதுங்கள். நான் ஓட்டுப் போடும் கட்சிக்காரர் கேட்டாலும் எழுதித்தான் கொடுப்பேன்.

தேர்தல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பும் சி-விஜில் செயலி பழைய வீடியோவை ஏற்காது. கூட்டம் நடக்கும்போதே செயலியைத் திறந்து படம் பிடியுங்கள். இன்னொரு போனில் முழுப் பேச்சும் பதிவாகட்டும். செயலி இல்லாதவர்கள் 1950 எண்ணை அழைக்கலாம்.

வெற்றியையே ரத்து செய்ய வேண்டுமானால் இந்தப் புகார் உதவாது. முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். தொகுதி வாக்காளரும் போடலாம். அதுவரை பதிவை வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல் எடுத்த போனிலேயே வைத்திருங்கள். படம் பிடித்தவர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்வாரா என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.