வேலியோரத்து லாலான்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. எங்கள் பக்கம் கம்பியோரமாக லாலான் புல் இடுப்பு உயரம். மெஷினால் வெட்டினால் நைலான் நூல் கம்பியில் பட்டு அறுந்துபோகும். வெட்டிய லாலானோ இரண்டே வாரத்தில் ஊசி ஊசியாக முளைக்கும். அதன் உயிரெல்லாம் மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டில். மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். அது இன்னும் மோசம், துண்டுகளெல்லாம் தனித்தனிச் செடியாகிவிட்டன.

அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்தவர். அன்றைக்குப் பாராகுவாட், 2020இல் மலேசியா அதைத் தடை செய்துவிட்டது. அதுவும் இலையை மட்டுந்தான் கருக்கும், அடித்தண்டைத் தொடாது.

"வெட்டிட்டு அடிச்சா மருந்து எதுல ஏறும்? பச்சையா நிக்கும்போதே அடிடா" என்றார்.

சரிதான். நான் வாங்கிய கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாகத்தான் அடித்தண்டுக்கு இறங்கும். முதல் தடவை அல்லூர் (வாய்க்கால்) தண்ணீரில் கலந்து வீணாக்கினேன். கலங்கலில் உள்ள மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை குழாய்த் தண்ணீர், மழையில்லாத காலை, கையுறை, பூட்ஸ். பத்து நாளில் மஞ்சளடித்தது.

காய்ந்ததை அறுத்துவிட்டு, பழைய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டடி அகலத்துக்கு விரித்தேன். லாலானுக்கு நிழல் ஆகாது. மேலே பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலை, ஒரே அடுக்காக. குவித்தால் காண்டாமிருக வண்டு குடிவந்துவிடும், பிறகு தென்னைக்கு ஆபத்து.

இப்போது மாதம் ஒருமுறை, கம்பியில் ஏறும் கொடியை மட்டும் கையால் உருவிப் போடுகிறேன்.