கி.மு. 44-ஐ மற்ற நாட்காட்டிகளில் எழுதும்போது வரும் தவறுகள்

ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட ஆண்டை வைத்து ஒப்பீட்டு அட்டவணை போடும் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கணக்குப் பிழைகளை விட்டுவிடலாம், மறுமுறை பார்த்தால் கண்ணில் படும்.

சுழி ஆண்டு

கிடையாது. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. சீசர் இறந்து 2000 ஆண்டுகள் நிறைந்தது 1957-இல், 1956-இல் அல்ல. வானியலாளர்கள் மட்டும் கி.மு. 1-ஐ 0 என எண்ணுவதால், கி.மு. 44-ஐ −43 என்று எழுதுவார்கள்.

ஆண்டுகளைச் சமக்குறியால் இணைப்பது

'கி.மு. 44 = ரோம் 710 = 184-ஆம் ஒலிம்பியாட், முதல் ஆண்டு = செலூக்கிட் 268.' இன்றும் எரிச்சலூட்டும் வரி இது. (ரோம் எண் அந்நகரம் நிறுவப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணுவது; ஒலிம்பியாட் கி.மு. 776-இலிருந்து எண்ணும் நான்காண்டுச் சுற்று; செலூக்கிட் என்பது அலெக்சாண்டருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட அரச மரபின் ஆண்டுக்கணக்கு.) பார்க்க ஒழுங்காக இருப்பதால் யாரும் சரிபார்ப்பதில்லை, அப்படியே நகலெடுக்கிறார்கள்.

கொலை நடந்த மார்ச் 15-க்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ரோம் 710 சரி (754−44). ஒலிம்பியாட் ஆண்டு பிறப்பதோ நடுக்கோடையில். மார்ச்சில் 183-ஆம் ஒலிம்பியாடின் நான்காம் ஆண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டு மட்டுமல்ல, ஒலிம்பியாடே மாறிவிடுகிறது. செலூக்கிட் கணக்கு இன்னும் மோசம். மாசிடோனிய முறையில் அது கி.மு. 312 இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது, பாபிலோனில் 311 வசந்தத்தில். ஆக ஒரே நாள் மாசிடோனிய முறையில் 268, பாபிலோனில் 267. யூத வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூலின் சில தேதிகள் முட்டிக்கொள்வதற்கு ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணமும் இந்த இரட்டைத் தொடக்கமே.

முதலில் மாதத்தை உறுதிசெய்யுங்கள். ஒலிம்பியாடுக்கு, 776-இலிருந்து கி.மு. எண்ணைக் கழித்து 4-ஆல் வகுங்கள். ஈவுடன் 1 கூட்டினால் ஒலிம்பியாட், மீதியுடன் 1 கூட்டினால் அதன் ஆண்டு. நிகழ்ச்சி கோடைக்கு முந்தியதென்றால் 44-க்குப் பதில் 45-ஐக் கழிக்க வேண்டும்: 731, ஈவு 182, மீதி 3. மாதம் தெரியாவிட்டால் ஒலிம்பியாட் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ரோமானிய மாதத் தேதியை அப்படியே நம்புவது

கி.மு. 45-க்கு முன் இது ஆபத்து. கி.மு. 190-இல் ரோமானியர் ஜூலை 11 என்று குறித்த சூரிய கிரகணம், ஜூலியன் கணக்கில் மார்ச் 14. இத்தகைய விலகலைச் சரிசெய்யத்தான் சீசர் கி.மு. 46-ஐ 445 நாட்களுக்கு நீட்டினார். அவருக்குப் பின் குருமார்கள் லீப் நாளை மூன்றாண்டுக்கு ஒருமுறை சேர்த்துக் குழப்பியதால், அகஸ்டஸ் திருத்தும்வரை மூன்று நாள் வரை பிசகு உண்டு.

கிரிகோரியனுக்கு மாற்றுவது

வேண்டாம்.

சீன ஆண்டு

ஹான் பேரரசர் யுவானின் 'சூயுவான்' என்ற ஆட்சிக்காலப் பெயரில் 5-ஆம் ஆண்டு. மார்ச்சுக்குச் சரி, சீனப் புத்தாண்டு பிறக்காத ஜனவரி தொடக்கத்துக்கு 4.

சக ஆண்டு

கி.பி. 78-இல் தொடங்குவது, கி.மு. 44-க்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.