ஊட்டி ஏறும் காருக்கு எந்த டர்போ?

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ இன்ஜின். ஐரோப்பாவில் 180 குதிரைத்திறன், நம் ஊரில் 150. "அண்ணா, இதுல 300 வருங்களா? எந்த டர்போ வாங்கறது?" என்று கேட்டார்.

வரும். ஆனால் டர்போ பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன்: "வண்டியை எங்கங்க ஓட்டுவீங்க?" செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் மாதம் ஒரு நாள், மற்றபடி சனி ஞாயிறு ஊட்டி என்றார். இந்தப் பதில் தெரியாமல் டர்போவை முடிவு செய்யவே கூடாது. பத்தில் எட்டுப் பேர் டர்போவை வாங்கிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

முதலில் காற்றின் கணக்கு. குதிரைத்திறன் என்பது எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுகிறோம் என்பதுதான். எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறிதான் டர்போ. கேள்விப்பட்டிருப்பீர்கள், நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 குதிரைத்திறன். தோராயத்துக்கு அது போதும். நான் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடுவேன். பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) ஏறியிருக்கும்போது, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று. டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 300 × 12 × 0.55, அதை 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 33 பவுண்டு காற்று.

சரி, இந்த 33 பவுண்டை உள்ளே தள்ள எவ்வளவு பூஸ்ட் வேண்டும்? 1781 சிசி இன்ஜின் 7000 ஆர்பிஎம்மில், டர்போ உதவி இல்லாமல், இன்டர்கூலரை (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) தாண்டிய காற்று 55 டிகிரி சூட்டில் இருக்கும்போது, தானாக உறிஞ்சுவது சுமார் 14 பவுண்டு. நமக்கு வேண்டியது அதைப்போல 2.35 மடங்கு. கடல் மட்டக் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதை 2.35-ஆல் பெருக்கினால் 34.5. இன்டர்கூலரிலும் குழாய்களிலும் 2 பிஎஸ்ஐ தொலையும். ஆக, கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அமுக்கும் பக்கம்) வாயிலிருந்து 36.5 பிஎஸ்ஐ வெளிவர வேண்டும். மீட்டரில் காட்டும் பூஸ்ட் அல்ல இது, மொத்த அழுத்தம்.

நம் தம்பியின் பதில் இங்கேதான் வேலை செய்கிறது. டர்போ எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் வரைபடம்தான் கம்ப்ரசர் மேப். அதில் நிற்கும் கோட்டில் எழுதியிருப்பது பிஎஸ்ஐ அல்ல, விகிதம். வெளியே வரும் அழுத்தத்தை உள்ளே போகும் அழுத்தத்தால் வகுப்பது. சென்னையில் 14.7; ஏர் ஃபில்டருக்கு 1 போனால் 13.7. விகிதம் 2.7 கூட இல்லை. கோயம்புத்தூர் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் 14 தான், விகிதம் 2.8. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்று சுமார் 11.2 பிஎஸ்ஐ. ஃபில்டர் போக 10.2. அதே 300 குதிரைத்திறனுக்கு அங்கே விகிதம் 3.6!

படுக்கைக் கோட்டிலும் இதே கதை. மேப்பில் போட்டிருக்கும் பவுண்டு எண் ஒரு குறிப்பிட்ட காற்றழுத்தத்துக்குத் திருத்திய எண். கேரட் (Garrett) என்ற டர்போ கம்பெனியின் மேப்பில் அது சுமார் 13.95 பிஎஸ்ஐ. நம் 33 பவுண்டு கோவையில் அந்த மேப்பின்மேல் 35 ஆக விழும், ஊட்டியில் 45 ஆக.

இப்போது மேப்பை விரித்து இரண்டு எண்ணும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தீவுகள் மாதிரி வளையங்கள் தெரியும். நடு வளையத்தில் காற்று குறைவாகச் சூடாகும். இடது ஓரத்தில் சர்ஜ் கோடு. அதற்கு இடது பக்கம் போனால் காற்று திரும்பி அடித்து, டர்போ படபடவென்று துடிக்கும், பேரிங் போய்விடும். வலது ஓரத்தில் சோக் கோடு. அதைத் தாண்டினால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். உச்ச ஆர்பிஎம்முக்கு மட்டும் புள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 3000, 4000, 5000 எல்லாவற்றுக்கும் வையுங்கள். கோவை நகர டிராஃபிக்கிலும் மலைச் சாலையிலும் கார் வாழ்வது அந்தப் புள்ளிகளில்தான்.

கேரட்டின் ஜிடி2860ஆர்எஸ் டர்போ மேப்பில் நம் கோவைப் புள்ளி வலது விளிம்பில் தொங்குகிறது. ஊட்டிப் புள்ளி காகிதத்துக்கே வெளியே. அதற்காக இன்னும் பெரிய ஜிடி3071ஆருக்குத் தாவலாமா என்றால், அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். என் சொந்தக் காரில், இதே இன்ஜினில் போட்டேன். 4000 தாண்டும் வரை ஒன்றும் வராது, அப்புறம் மொத்தமாக வரும். காரி டிராக்கின் இறுக்கமான வளைவிலிருந்து வெளியே வந்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பூஸ்டுக்குக் காத்திருப்பேன். வரும்போது அடுத்த பிரேக் வந்துவிடும். ஒரு சீசன் முழுக்க அப்படி ஓட்டி, கடைசியில் கழற்றி விற்றேன்.

தம்பிக்குச் சொன்னது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஜிடி2871ஆர். கோவையில் அது 35 பவுண்டை மூச்சு வாங்காமல் தரும். ஊட்டியிலும் 300 வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். டியூன் போடுபவரிடம், "உயரம் ஏற ஏற பூஸ்டைக் குறைக்கிற மாதிரி வைங்க" என்று கட்டாயம் சொல்லுங்கள். இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) பழைய அழுத்தத்தையே பிடித்து வைக்கப் பார்த்தால், கல்லட்டி மலைப்பாதை ஏறும்போது டர்போ தன் வேக வரம்பைத் தாண்டிச் சுற்றும். இன்ஜின் சத்தத்தில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஏ/ஆர், அதாவது அந்தப் பக்கத்து ஹவுசிங்கில் (விசிறியைச் சுற்றியுள்ள கூடு) புகை போகும் வழி எவ்வளவு குறுகல் என்று காட்டும் எண். தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் வேகமாகப் பீய்ச்சுமே, அதுதான். 0.64 ஹவுசிங்கில் பூஸ்ட் சீக்கிரம் வரும், மேலே கொஞ்சம் மூச்சு முட்டும். 0.86 இதற்கு நேர்மாறு. 1.8 லிட்டருக்கு 0.64 போதும். ஆனால் இந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) மெலிது. 3000 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்டையும் கொடுத்தால் ராடை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, அந்த டார்க் (முறுக்கு விசை). அதனால் ஃபோர்ஜ்டு (அடித்து வலுவாக்கிய) ராடு போடாமல் 300 பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கணக்கையும் இதோடு முடித்துவிடுங்கள். 300 × 0.55 = மணிக்கு 165 பவுண்டு பெட்ரோல். நாலு இன்ஜெக்டருக்கும் பிரித்து, ஒவ்வொன்றும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 540 சிசி. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். 630 சிசி வாங்குங்கள். காரோடு வந்த பழைய கே03 டர்போ இருந்த இடத்தில் ஜிடி28 வகை நேராக உட்காராது. மேனிஃபோல்டு, டவுன்பைப், எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் புதிது. டர்போ விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போட்டவர்கள் பாதியில் காரை நிறுத்தி வைத்திருப்பதை நிறைய பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முறை ஒரு கடையில் நல்ல பெயர் பொறித்த டப்பாவில் எனக்கு வந்தது போலி. எடை சரியாகவே இருந்தது. கம்ப்ரசர் விசிறியை விரலால் சுண்டினேன். பால் பேரிங் டர்போ வழுக்கிக்கொண்டு சுற்றி மெதுவாக நிற்க வேண்டும், இது சொரசொரவென்று அரைச் சுற்றில் நின்றது. இறக்கைகளின் ஓரத்தில் வார்ப்பின் பிசிறு நகத்தில் மாட்டியது. சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் பணம் கொடுக்கிறேன்.

மாட்டும்போது இரண்டே விஷயம். பால் பேரிங் என்றால் எண்ணெய் உள்ளே போகும் இடத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். இல்லாவிட்டால் சீலைத் தாண்டி எண்ணெய் கசிந்து நீலப் புகை வரும். எண்ணெய் வெளியேறும் குழாய் கூடியவரை நேர் கீழே இறங்க வேண்டும், நடுவில் தொய்வு கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு டர்போவில் எண்ணெய் உள்ளே போகும் துளையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை கிராங்க் செய்யுங்கள். அப்புறம் ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள்.