மான்யுவேக்குச் சிவப்பு முட்டை: சாயம் திட்டுத்திட்டாகாமல் இருக்க

குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைவதைச் சீனர்கள் 'மான்யுவே' என்பார்கள். அதுவரை தாயும் சேயும் வீட்டோடு ஓய்வில் இருப்பது வழக்கம். மாதம் நிறைந்ததும் சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்தி சொல்லப் போவது சிவப்பு முட்டைதான். முட்டை புது உயிர், சிவப்பு மங்கலம்.

வெள்ளை ஓட்டு முட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பழுப்பு ஓட்டில் சாயம் செங்கல் நிறத்தில்தான் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டால் ஓடு விரிசல் விடும், விரிசல் வழியே சாயம் வெள்ளைக்கருவில் இறங்கிவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம். பிறகு குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, ஈரம் போகத் துடையுங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் விரல் தடம் வெளுப்பாகவே நிற்கும். சாயம் திட்டுத்திட்டாவதற்குப் பாதி காரணம் இதுதான்.

ஒரு கப் வெந்நீர், ஒரு தேக்கரண்டி சிவப்பு உணவுச் சாயம், இரண்டு தேக்கரண்டி வினிகர். ஓடு சுண்ணாம்புச் சத்து. வினிகரின் புளிப்பு இருந்தால்தான் அதில் சாயம் நன்றாகப் பிடிக்கும். வினிகர் கூடினால் ஓட்டின் மேல் குமிழ் கிளம்பும், சாயமும் சொரசொரப்பாக உரிந்து வரும். கரண்டியால் உருட்டிக்கொண்டே 5 முதல் 10 நிமிடம் ஊறவிடுங்கள். எடுத்ததும் கம்பி வலையில் வையுங்கள். துணியில் வைத்தால் அடிப்பக்கம் வெளுத்துவிடும். நன்றாகக் காயாமல் பெட்டியில் அடுக்கினால் வாங்குபவர் கையெல்லாம் சிவப்புதான். முன்பெல்லாம் சிவப்புக் காகிதத்தை நனைத்துத் தேய்ப்பார்கள். காகிதச் சாயம் சாப்பாட்டுக்கு உரியதல்ல, அதை விட்டுவிடுங்கள்.

அவித்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கொடுக்கிற அன்று காலையிலேயே அவிப்பது நல்லது.

பெட்டியில் ஜோடியாக வையுங்கள், நான்கு மட்டும் கூடாது: சீனத்தில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. சீனரில் ஹொக்கியன் பேசும் வீடுகளில் பாசிப்பருப்புப் பூரணம் வைத்த, ஆமை ஓட்டு அச்சிட்ட 'அங் கூ குவே' என்ற சிவப்புப் பலகாரம் கூடவே போகும். கன்டோனீஸ் பேசும் வீடுகளில் இஞ்சியும் பன்றிக்காலும் முட்டையும் சேர்த்து இனிப்புக் கறுப்பு வினிகரில் வேகவைத்துக் கொடுப்பார்கள். முஸ்லிம், சைவ வீடுகளுக்கு எதை அனுப்பலாம் என்று முன்கூட்டியே கேட்டு, பெட்டியைத் தனியாகக் கட்டுங்கள்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பக்கத்து வீட்டிலிருந்து இந்தப் பெட்டி உங்களுக்கு வந்தால் இரு கையாலும் வாங்குங்கள். குழந்தையைப் பார்க்கப் போகும்போது சிவப்பு உறையில் புது நோட்டாக, இரட்டைப்படைத் தொகை வைத்துக் கொடுங்கள். வெள்ளை உறை துக்க வீட்டுக்கு உரியது. கடிகாரமும் வேண்டாம். 'கடிகாரம் கொடுப்பது' என்ற சீனச் சொல், ஒருவரின் கடைசிக் காலத்தில் உடனிருந்து வழியனுப்புவதைச் சொல்லும் சொல்லைப் போலவே ஒலிக்கும்.